ஊழிய பாரமும் அதன் பங்காளரும்: மட்டக்களப்பு வாவிக்கரைத் திருச்சபைகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

கிறிஸ்தவத் தமிழில் ‘பாரம்’ என்பது வெறும் சுமையைக் குறிக்கும் சொல் அல்ல. ஓர் ஊரை நினைத்து ஒருவருக்கு நெஞ்சு கனத்தால், ‘அந்த ஊருக்காக எனக்கு ஒரு பாரம் உண்டு’ என்பார். கேட்பவர்கள் அதை அழைப்பின் அடையாளமாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் பாரத்தை இன்னொருவர் கையில் கொடுப்பது அழைப்பையே கைவிடுவதுபோல ஊழியருக்குத் தோன்றிவிடுகிறது. கலாத்தியர் நிருபத்தின் 6ஆம் அதிகாரம் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்கிறது. மூன்று வசனங்கள் தாண்டி, அவரவர் பாரம் அவரவருக்கே என்கிறது. கிரேக்க மூலத்தில் முன்னது ‘பாரொஸ்’, அதாவது ஆளை அழுத்தும் பளு. பின்னது ‘ஃபோர்தியோன்’, அவரவர் தோளுக்குரிய மூட்டை. தமிழ் வேதாகமத்தில் இரண்டும் ‘பாரம்’ ஆகிவிட்டன. எதைப் பகிரலாம், எதைத் தனியே தூக்க வேண்டும் என்பதை மட்டக்களப்புப் பகுதிச் சபைகள் 200 ஆண்டு அனுபவத்தில்தான் கற்க வேண்டியிருந்தது. அந்தக் கல்வியின் சில கட்டங்களை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

களுவாஞ்சிக்குடியில் நின்று பார்த்தால் இந்தக் கேள்வியின் நிலப் பின்னணி விளங்கும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய எழுவான்கரை. வடக்கே களுதாவளை, தெற்கே கல்லாறு என்று கல்முனை வீதியோரம் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை வயல்வெளிகளுக்குப் போக இன்று பட்டிருப்புப் பாலம் இருக்கிறது. பாலங்கள் வருமுன் தோணிதான். வடக்கே மண்முனைத் துறையில் பாலம் திறக்கப்பட்டதே 2014இல்தான். இந்த நிலத்தில் நோயாளியைப் பார்க்கவும், மரணவீட்டில் ஜெபிக்கவும், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவும் ஒரே ஆள் போதும் என்று எண்ணுவது நிலத்தை அறியாத எண்ணம்.

முதலில் அப்படித்தான் எண்ணப்பட்டது. 1813ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் தாமஸ் கோக் என்ற முதிய மெதடிஸ்தத் தலைவர் இளம் ஊழியர்களை அழைத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். 1814 மே 3ஆம் நாள் கடலிலேயே அவர் இறந்தார். பயணத்தின் பணப்பொறுப்பு முழுவதும் அவர் பெயரில் இருந்ததால், பம்பாயில் இறங்கியபோது மற்றவர்களிடம் செலவுக்கு வழியில்லை. அங்கிருந்த ஓர் ஆங்கிலேயர் பணம் முன்கொடுத்து உதவியிராவிட்டால் இலங்கைப் பணி அங்கேயே நின்றிருக்கலாம். இந்தத் திருப்பணி, பொறுப்பை ஒருவரிடமே குவித்து வைத்ததால் வந்த நெருக்கடியோடு தொடங்கியது. இதை நம் சபை வரலாறுகள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு காலியில் கூடியவர்கள் தீவின் பல திசைகளுக்கும் பிரிந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்று இருவர் போனார்கள். அங்கே தஞ்சாவூரிலிருந்து வந்து ஏற்கெனவே பணியாற்றிக்கொண்டிருந்த கிறிஸ்தியான் தாவீது அவர்களை வரவேற்றார். மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் தனியாள். அவருடைய மனைவி கப்பற்பயணத்திலேயே இறந்திருந்தார். புதிய மொழி, புதிய வெயில், கூடப் பேசித் துக்கம் ஆற்றத் தோழர் இல்லாத வீடு. இவற்றுக்கிடையே அவர் பாடசாலைகளைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814இலேயே காண்கிறது. 1815 ஏப்ரல் 1ஆம் நாள் ஓல்ட் இறந்தார். வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. அவரைத் தியாகியாகப் போற்றுவது தகும். ஆனால் அவரைத் தனியாக அனுப்பிய ஏற்பாட்டையும் சேர்த்துப் போற்றிவிடக் கூடாது.

தனியாளாக அவரை அனுப்பிய அதே மெதடிஸ்த மரபிடம் மாற்று மருந்தும் இருந்தது என்பதுதான் வேதனை. 1742இல் பிரிஸ்டல் நகரின் ஆராதனை மண்டபத்துக்கு ஏற்பட்ட கடனை அடைக்க வழி தேடினார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஃபோய் என்ற கப்பல் தலைவர் யோசனை சொன்னார். ஏழைகளால் முடியாதே என்று மறுப்பு வந்தது. மிக வறிய 11 பேரைத் தன் பொறுப்பில் விடும்படியும், அவர்கள் கொடுக்க இயலாததைத் தானே கொடுப்பதாகவும் அவர் சொன்னார். காசு வாங்க வாரந்தோறும் வீடு வீடாகப் போனவர்கள், வீட்டுக்குள் இருந்த நோயையும் சண்டையையும் கண்ணீரையும் கண்டார்கள். கண்டதைப் போதகரிடம் வந்து சொன்னார்கள். அப்படிப் பிறந்ததுதான் வகுப்புக் கூட்டம். மேய்ப்புப் பணி திருநிலை பெறாதவர்களின் கைக்கு வந்தது ஒரு கடன் கணக்கின் வழியாக.

இந்த முறை தமிழ் நிலத்துக்கு வந்தபோது இங்கே ஏற்கெனவே திருநிலை பெறாத உபதேசியார்கள் இருந்தார்கள். தரங்கம்பாடியில் ஆரோன் 1733இல் குருவாகத் திருநிலை பெறுமுன் உபதேசியாராகவே ஊர் ஊராக நடந்தவர். மட்டக்களப்பு மண்ணிலோ பங்கிட்டுச் சுமப்பது திருச்சபை கற்றுக்கொடுத்த புதுமையும் அல்ல. இங்குள்ள கோயில்களில் தாய்வழிக் குடிகள் திருவிழா நாள்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. குடியின் சார்பில் வண்ணக்கர் பொறுப்பேற்கிறார். ஊர்ப் பெயரிலேயே ‘குடி’யைத் தாங்கிய இடத்தில், சேகரத்தின் கணக்கையும் கட்டடத்தையும் விசுவாசிகளே பார்ப்பது யாருக்கும் விநோதமாகப் பட்டிராது. ஆவணச் சான்று காட்டி இதை நிறுவ வந்தேன் அல்லேன். மண்ணின் பழக்கத்தையும் சபையின் பழக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவரின் ஊகம் இது.

19ஆம் நூற்றாண்டில் பாரம் குறையாமல் உருமாறியது. மிஷன் பாடசாலைகள் பெருகின. கல்முனையில் உவெஸ்லி பாடசாலை 1883இல் எழுந்தது. போதகர் முகாமையாளராகவும் ஆனார். ஆசிரியர் நியமனம், அரச உதவிப்பணம், கூரை ஓலை, வரவுப்பதிவு என்று அவருடைய நாள் கரைந்தது. 1960ஆம் ஆண்டின் உதவிபெறும் பாடசாலைகள் சட்டத்தால் பெரும்பாலான பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. சபைகள் அதை இழப்பாகவே உணர்ந்தன, அந்த வருத்தம் நியாயமானது. ஆயினும் போதகர் மறுபடியும் வீடுகளுக்குப் போக நேரம் கிடைத்ததும் அதனால்தான். 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை தனக்கென ஒரு பேரவை பெற்றுத் தன்னாட்சி அடைந்தது. தலைமை குறித்த காலத்துக்குத் தெரிவாகும் பொறுப்பாயிற்று. கத்தோலிக்கர் எல்லை பிரித்துச் சுமையைப் பகிர்ந்தார்கள். 1893இல் அமைந்த திருகோணமலை மறைமாவட்டத்தின் பரப்பிலிருந்து மட்டக்களப்பு 2012இல் தனி மறைமாவட்டமாயிற்று.

நடையும் கணக்கும் இவ்வாறு பகிரப்பட்டன. துக்கம் பகிரப்பட்டதா? 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி, பல்லாண்டுப் போர், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை என்று இந்தக் கரையின் ஊழியர்கள் அடுத்தடுத்து அடக்க ஆராதனை நடத்தியவர்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்தெழுதல் பெருவிழாக் காலையில் மட்டக்களப்புச் சீயோன் சபையில் குண்டு வெடித்தது. கொண்டுவந்தவனை உள்ளே விடாமல் வாசலில் தடுத்தவர் அச்சபையின் விசுவாசி ஒருவர். அவரும் உயிரிழந்தார், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலரும் உயிரிழந்தார்கள். அந்த வாரம் ஆறுதல் சொல்லப் போன போதகர்களுக்கு ஆறுதல் சொல்ல யார் போனார்கள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

எண்ணாகமம் 11இல் மோசே தன் பாரம் தாங்கவில்லை என்று முறையிடுகிறான், சாகவும் கேட்கிறான். அந்தப் பலவீனம் கண்டிக்கப்படவில்லை. 70 மூப்பர் கொடுக்கப்படுகிறார்கள். யாத்திராகமம் 18இல் எத்திரோ சொன்ன யோசனை வழக்குகளைப் பிரித்துக் கொடுப்பது. எண்ணாகமத்திலோ பகிரப்படுவது மோசேயின்மேல் இருந்த ஆவியே. நம் சபைகள் எத்திரோவிடம் நன்றாகக் கற்றிருக்கின்றன. பிரசங்க அட்டவணையில் எந்த ஞாயிறு எந்த ஊரில் யார் பேசுவார் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறது. போதகரின் வீட்டுக்குப் போய் அவர் பேசுவதைக் கேட்டிருப்பது யார் என்பதற்கும் அதில் ஒரு பெயர் எழுதப்பட வேண்டும்.