வெறுங்கப்பலுக்கும் கட்டணம்

சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் பாய்க்கப்பல் கடலில் நிலைகொள்ளாது. பாரமெல்லாம் மேலே, பாய்மரத்தில். பலத்த காற்று அடித்தால் சரிந்துவிடும். அதனால் அடித்தட்டில் மணலும் கல்லும் நிரப்பினார்கள். அதுதான் அடிப்பாரம். அடுத்த துறையில் சரக்கு கிடைத்ததும் அந்தக் கல்லால் பயனில்லை. கடலிலேயே கொட்டிவிட்டால் மாலுமிக்கு வேலை மிச்சம். கொட்டக் கொட்டத் துறை மேடாகும் என்பது துறைமுகத்தாரின் கவலை.

இலங்கையின் கிழக்கே நிலாவெளிக் கரைக்குக் கடலோடிகள் புதியவர்கள் அல்ல. வடக்கே திரியாயில் உள்ள பல்லவ கிரந்தக் கல்வெட்டு கடல் வணிகர் கூட்டத்தாரைக் குறிப்பிடுகிறது. நிலாவெளியிலேயே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கோணேசர் கோயிலுக்கு விட்ட 250 வேலி நிலத்தைச் சொல்கிறது. ஆனால் கப்பல்களிடம் அரசன் என்ன வாங்கினான் என்று அறிய யாழ்ப்பாணத்து நயினாதீவுக்குத்தான் போக வேண்டும்.

அங்கே நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) சாசனம். பொலன்னறுவையில் இருந்து ஆண்ட சிங்கள மன்னன் தன் துறைமுக விதியைத் தமிழில் வெட்டுவித்தான். வணிகர்களுக்குப் புரிய வேண்டுமே! பரதேசிகள், அதாவது வெளிநாட்டார், ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறை) வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசன் பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்ற சரக்குக் கப்பல் உடைந்தால் ஆளுக்குப் பாதி. போருக்கு வேண்டிய விலங்குகளை ஏற்றிவருபவனுக்கு மட்டும் சலுகை. அரசன் கணக்குத் தெரிந்தவன்தான்.

அடிப்பாரத்தைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. அதை விலாவாரியாக எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்று மணலைத் தோண்டிக் கப்பல்களுக்கு அடிப்பாரமாக விற்கும் உரிமையை 1594இல் டிரினிட்டி ஹவுஸ் என்ற மாலுமிகள் சங்கம் பெற்றது. 300 ஆண்டுகள் அதை வைத்திருந்தது. ஆறும் ஆழமாயிற்று, பெட்டியும் நிரம்பிற்று.

இந்தியக் கரைக்கு ஆங்கிலேயர் இயற்றிய 1908ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டம் இரண்டு பக்கமும் பார்த்தது. பயணிகள் இல்லாமல் அடிப்பாரத்தோடு வரும் கப்பலிடம் வழக்கமான கட்டணத்தில் முக்கால் பங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்றது. சரக்கோ ஆளோ ஏற்றாமல் இறக்காமல் போனால் பாதிக்கு மேல் கூடாது. புயலால் திரும்பி வர நேர்ந்த கப்பலுக்குக் கட்டணமே இல்லை. அடிப்பாரத்தைத் துறைக்குள் கொட்டினாலோ 500 ரூபாய் வரை அபராதம்; வாரி எடுக்கும் செலவும் கொட்டியவர் தலையில்.

பிறகு கல் போய்க் கடல்நீர் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் திருகோணமலைச் சீனக்குடாவில் ஆங்கிலேயர் ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினார்கள். எண்ணெயை இறக்கிய கப்பல் வெறுமையாகப் புறப்பட முடியாது. கடல்நீரை உறிஞ்சி நிரப்பிக்கொண்டுதான் கிளம்பும். அந்த நீர் அடுத்த துறையில் கொட்டப்படும்போது அதிலுள்ள உயிர்களும் கூடவே இறங்கும். இதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் உருவாகி, 2017 செப்டம்பர் 8 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

தமிழ்நாட்டில் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் சேற்றை மூடிப் பரவிய காக்கா ஆழி தென்னமெரிக்கச் சிப்பி. கப்பல் நீரில் வந்திருக்கும் என்பதே பரவலான கருத்து. அதனால் இறால்பாடு குறைந்து நிற்பவர்கள் மீனவர்கள். துறைமுகக் கட்டணத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு வைப்பதே முறை.