களிமண்ணே வெப்பமானி

சூளைக்குள்ள எவ்வளவு சூடு? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தீயின் நிறத்தைப் பார்த்துக் கண்ணால்தான் சொல்வார்கள். கண் தப்பினால் மொத்தச் சரக்கும் பாழ். பாதரசமோ 357 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். 1000 டிகிரியைத் தாண்டும் சூளைக்கு உதவாது.

1782இல் ஜொசையா வெட்ஜ்வுட் களிமண்ணையே வெப்பமானி ஆக்கினார். சூடு ஏற ஏற மண் சுருங்கும். சூளையில் வெந்த சின்ன மண்வில்லையை, போகப்போகக் குறுகும் இரு பித்தளைச் சட்டங்களுக்கு நடுவே தள்ளினார். எவ்வளவு சுருங்கியதோ, அவ்வளவு தூரம் உள்ளே போகும்.

அதை டிகிரியாக மாற்றிய கணக்கு படுதப்பு. வார்ப்பிரும்பு உருக ஏறக்குறைய 18,000 ஃபாரன்ஹீட் வேண்டும் என்றது. நிஜத்தில் 2,100க்குப் பக்கம்தான். ஆனா சூளைக்காரருக்கு வேண்டியது போன தடவை வந்த அதே பதம். அதை வில்லை சொன்னது.

1886இல் பெர்லினில் ஹெர்மன் சேகர் செய்த கூம்புகள் வெந்ததும் வளைந்தன. இன்றைய மின்சூளையிலும் கூம்பு வைக்கிறார்கள். மீட்டர் சூட்டைச் சொல்லும். மண் எவ்வளவு வெந்ததுன்னு கூம்புதான் சொல்லும்.