மூன்றாவது பெயர்

1992இல் சோனி நிறுவனம் நியூயார்க்கில் சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் என்ற சிறு பிரிவைத் தொடங்கியது. கலைப்படங்களையும் பிறமொழிப் படங்களையும் வாங்கி அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டுசெல்வது அதன் முக்கிய வேலை. உருவாக்கியவர்கள் மைக்கேல் பார்க்கர், டாம் பெர்னார்ட், மார்சி புளூம். முதல் இரண்டு பெயர்களும் சினிமாப் பேச்சில் அடிக்கடி வரும். மூன்றாமவர் பெண், அவர் பெயரை நான் தேடித்தான் அறிந்தேன்.

பெண்களின் சினிமா வரலாற்றை நாம் இயக்குநர்களின் வரலாறாகவே எழுதிவருகிறோம். எடுத்த படத்தை யார் வாங்கினார்கள் என்று கேட்பதில்லை. இந்தப் பிரிவின் முதல் வெளியீடான 'ஹோவர்ட்ஸ் எண்ட்' படத்தின் திரைக்கதைக்காக ரூத் பிராவர் ஜாப்வாலா ஆஸ்கர் பெற்றார். அடுத்த ஆண்டு சாலி பாட்டரின் 'ஒர்லாண்டோ' வந்தது. 2013இல் ஹைஃபா அல் மன்சூரின் 'வஜ்தா'. ரியாத் தெருக்களில் ஆண்களோடு சேர்ந்து நின்று வேலைசெய்ய முடியாததால், வேனுக்குள் அமர்ந்து வாக்கி டாக்கி வழியே காட்சிகளை இயக்கினார் ஹைஃபா. அன்று சவுதியில் பொதுத் திரையரங்குகளே இல்லை. சொந்த மண்ணில் திரை இல்லாத படத்துக்கு வெளியே வாங்குபவர்தான் வாசல்.

அந்த வாசலின் சாவி யாரிடம்? வார்னர் பிரதர்ஸ் 2003இல் தொடங்கிய இதுபோன்ற பிரிவுக்கு 2006இல் பாலி கோஹன் என்ற பெண் தலைவரானார். 2008இல் தாய் நிறுவனம் பிரிவையே மூடியது. நாற்காலி அவருடையது, வீடு அவருடையதல்ல. படமெடுக்கும் பெண்களைக் கொண்டாடும் நாம், அந்த வீட்டின் கணக்குப் புத்தகத்தையும் படிக்கப் பழக வேண்டும்.