ஒன்றியமும் மாநில எல்லையும்: பொன்னேரி வட்டம், பழவேற்காடு ஏரி

இந்திய அரசமைப்பின் முதல் உறுப்பு நாட்டை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. ஆனால் எந்த மாநிலத்துக்கும் நிலையான எல்லையை அது உறுதி செய்யவில்லை. புதிய மாநிலம் அமைக்கவும், இருப்பதைப் பிரிக்கவும், எல்லையையும் பெயரையும் மாற்றவும் 3ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு மசோதா கொண்டுவரப்பட வேண்டும். தொடர்புடைய சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை. 4ஆம் உறுப்பின்படி இத்தகைய சட்டம் அரசமைப்புத் திருத்தமாகவும் கருதப்படாது; சாதாரணப் பெரும்பான்மையிலேயே நிறைவேறும்.

இந்த அதிகாரம் நடைமுறையில் என்ன செய்யும் என்பதைப் பழவேற்காடு ஏரியை ஒட்டிய பொன்னேரி வட்டாரம் இருமுறை கண்டது. 1953 வரை பழவேற்காடு ஏரி முழுவதும் சென்னை மாநிலத்துக்குள் இருந்தது. தென்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்திலும் மற்றது நெல்லூர் மாவட்டத்திலும் அடங்கின. தனி ஆந்திரம் கேட்டு உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது நெல்லூர் அதனுடன் சென்றது. மாவட்டங்களுக்கு இடையே இருந்த கோடு ஒரே நாளில் மாநில எல்லையானது.

திருத்தணி, சித்தூர்ப் பகுதிகள் குறித்த தகராறு அதன்பின்னும் ஓயவில்லை. வட எல்லைப் போராட்டத்தை ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்தினார். நடுவராக அமர்ந்த படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்துத் தீர்வு சொன்னார். அதை ஒட்டி 1959இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் பல கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போய், சித்தூர் மாவட்டத்தின் சத்தியவேடு வட்டத்தில் சேர்ந்தன. அந்த ஊர்களில் வாக்கெடுப்பு நடத்த அரசமைப்பு கோரவில்லை. இது சிறிய குறை அல்ல: மாறுவது ஊர்மக்களுடைய பட்டா, பள்ளிமொழி, நீதிமன்றம்.

மற்றக் கூட்டாட்சிகள் இவ்வளவு தாராளமாக இல்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் நிலத்தைப் பிரித்துப் புதிய மாநிலம் அமைக்க அதன் சட்டமன்றம் இசைய வேண்டும். ஆஸ்திரேலியாவில் எல்லை மாற்றத்துக்கு மாநில நாடாளுமன்றத்தோடு வாக்காளர் பெரும்பான்மையும் வேண்டும். இந்தியாவிலோ, 2014 ஜனவரியில் ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தும் ஜூன் 2 அன்று தெலங்கானா உருவானது. 2019இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பகுதிகளாயிற்று. அதேசமயம், மொழிவாரி மாநிலங்கள் அமைய இந்த நெகிழ்வும் உதவியது என்பதை மறுக்க முடியாது.

ஏரியில் எல்லையின் விளைவு அன்றாடமானது. ஏழாம் அட்டவணைப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆட்சிக்கடலுக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்பு மட்டுமே ஒன்றியத்துக்கு உரியது. எனவே ஒரே நீர்ப்பரப்பில் இரண்டு மாநிலங்களின் விதிகள் செல்லும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். பழவேற்காடு ஊரை ஒட்டிய முகத்துவாரம் தமிழ்நாட்டில். கடல்நீரும் இறால் குஞ்சும் அந்த வாய் திறந்திருந்தால் அதன் வழியே உள்ளே வரும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கம் மாநில எல்லைக்கு முந்தையது. அந்த உரிமையை எல்லைச் சட்டம் எதுவும் கருத்தில் கொள்ளவில்லை.

மாநிலங்களுக்கு இடையே சட்ட உரிமை குறித்த வழக்கு எழுந்தால் 131ஆம் உறுப்பின்படி அதை உச்ச நீதிமன்றமே விசாரிக்கும். ஆனால் அந்த வழி அரசுகளுக்கு மட்டுமே உண்டு. மீனவர் கிராமம் அதில் வாதியாக முடியாது. 73ஆம் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையில் மீன்வளமும் இடம்பெற்றுள்ளது. எனினும் அந்த அதிகாரத்தை ஊராட்சிக்கு எந்த அளவு வழங்குவது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கிறது.