வெளிநாட்டு மருந்துகள்: சட்டவிரோத இறக்குமதியும் தண்டனைகளும்

திருவள்ளூர் மாவட்டம், காட்டுப்பள்ளி மற்றும் பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களைச் சேர்ந்தோர், நோயாளிக்காக வெளிநாட்டிலிருந்து மருந்து வரவழைக்கும் முன் இச்சட்ட விதிகளை அறிந்திருத்தல் அவசியம். நல்ல நோக்கத்துடன் வரவழைத்தாலும், அனுமதியின்றி வரும் மருந்து பறிமுதல் செய்யப்படலாம்; வழக்கும் தொடரப்படலாம்.

தண்டனைகள்

• மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940, பிரிவு 13: போலி அல்லது கலப்பட மருந்தை இறக்குமதி செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படும். உரிமமின்றிக் கொண்டுவரப்படும் மருந்து போன்ற தடைசெய்யப்பட்ட பிற இறக்குமதிகளுக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• சுங்கச் சட்டம், 1962: கடத்தப்படும் பொருள் பறிமுதல் செய்யப்படும். கடுமையான குற்றங்களுக்கு 7 ஆண்டு வரை சிறை.

• போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985: வணிக அளவில் இறக்குமதி செய்தால் 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல், குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம். வலி நிவாரணியான டிரமடால் 2018 முதல் இச்சட்டத்தின்கீழ் வருகிறது.

சொந்தப் பயன்பாட்டிற்கான வழி

பயணி தம் சொந்தப் பயன்பாட்டிற்கு, ஒரு மருந்தில் 100 வேளைக்கு மிகாமல், தம் பயணப்பெட்டியில் கொண்டுவரலாம். சுங்க அலுவலர் கேட்டால் அதனைத் தெரிவிக்க வேண்டும். பார்சலில் வரவழைக்க, பதிவுபெற்ற மருத்துவரின் மருந்துச்சீட்டுடன் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் படிவம் 12ஏ-இல் விண்ணப்பித்து, 12பி அனுமதி பெற வேண்டும். இச்சலுகை போதை மருந்துகளுக்குப் பொருந்தாது.

கவனிக்க வேண்டியவை

• உள்ளிருப்பது தெரியாமல் பிறருடைய பொட்டலத்தைப் படகிலோ பையிலோ ஏற்றாதீர்கள். அது போதைப்பொருளாக இருப்பின், தமக்குத் தெரியாது என நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவரையே சாரும்.

• கடலில் மிதந்துவரும் பொட்டலங்களைத் திறக்காமல், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திற்கு 1093 என்ற எண்ணில் தெரிவிக்கவும்.

• இன்சுலின் போன்ற மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கப்பட வேண்டியவை. முறையற்ற வழியில் வந்தவை வீரியம் இழந்திருக்கக்கூடும்.

• வெளிநாட்டு மருந்தை ஏற்கெனவே உட்கொண்டு வருவோர் அச்சத்தால் திடீரென நிறுத்த வேண்டாம். மருந்தின் அட்டையுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ பொன்னேரி அரசு மருத்துவமனையையோ அணுகவும். பல வெளிநாட்டு மருந்துகளின் அதே மூலக்கூறு இங்கு வேறு பெயரில் கிடைக்கும். அரசு மருத்துவமனையில் இருப்பில் உள்ளவை இலவசமாகவே வழங்கப்படுகின்றன.