மிம்பரின் அடியில் கேட்ட அச்சம்: நாவன்மை மிக்க நயவஞ்சகர் பற்றிய ஓர் எச்சரிக்கையின் வரலாறு

‘முனாஃபிக்’ என்ற அரபுச் சொல்லுக்குத் தமிழில் ‘நயவஞ்சகர்’ என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. ஆ. கா. அப்துல் ஹமீத் பாகவி போன்றோரின் குர்ஆன் மொழிபெயர்ப்பு வழியாக அது வீடுகளுக்குள்ளும் வந்தது. அரபு அகராதிக்காரர்கள் மூலச் சொல்லைப் பாலைவன எலியின் வளையோடு சேர்த்துப் பொருள் சொல்வார்கள். அந்த வளைக்கு இரண்டு வாய். ஒன்று வெளியே தெரியும். மற்றொன்றை மெல்லிய மண் மூடியிருக்கும். முன்வாசலில் ஆபத்து வந்தால் எலி அந்த மண்ணைத் தலையால் முட்டிக்கொண்டு வெளியேறிவிடும். தமிழ்ச் சொல்லில் எலி இல்லை, வளை இல்லை. ‘நயம்’ இருக்கிறது. பேச்சின் இனிமையையும் வஞ்சகத்தையும் ஒரே சொல்லில் கட்டிவைத்த மொழிபெயர்ப்பு இது. அரபியில் தனியே ஓர் அடைமொழி கொடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததைத் தமிழ் தன் பகுதியிலேயே வைத்திருக்கிறது.

அடைமொழியோடு வரும் நபிமொழி அஹ்மத் இப்னு ஹன்பலின் (இறப்பு 855) ‘முஸ்னத்’ தொகுப்பில் இருக்கிறது. தம் சமுதாயத்துக்காக நபிகள் நாயகம் (ஸல்) மிக அஞ்சியது, அறிவு நாவில் மட்டும் தங்கிய நயவஞ்சகனைத்தான் என்பது அதன் சாரம். யார் சொன்னார், எங்கிருந்து சொன்னார் என்பதையும் கவனிக்க வேண்டும். கலீஃபா உமர் (ரலி) மிம்பரில், அதாவது பள்ளிவாசலின் உரைமேடையில், நின்று இதை அறிவிக்கிறார். அபூ உஸ்மான் அந்நஹ்தி மிம்பரின் அடியில் உட்கார்ந்து கேட்கிறார். மேடைப் பேச்சின் ஆபத்து முதலில் மேடையிலிருந்தே, ஆட்சியில் இருந்தவரின் வாயாலேயே சொல்லப்பட்டது. பிற்கால வரலாற்றில் நழுவிப்போனது இந்த இடக்குறிப்புதான் என்பது என் கருத்து.

மதீனாவில் இதற்கு முன்மாதிரியாக நின்றவர் அப்துல்லாஹ் இப்னு உபை. நபிகள் வருவதற்கு முன் அந்த ஊர் அவருக்கு முடிசூட்டும் நிலையில் இருந்தது. பார்க்க அழகர், பேச்சிலும் வல்லவர். வெள்ளிக்கிழமைகளில் நபிகள் உரையாற்றுவதற்கு முன் இவர் எழுந்து நின்று, நபிகளுக்குக் கட்டுப்படுங்கள் என்று கூட்டத்துக்கு அறிவுரை சொல்வாராம். கி.பி. 625இல் உஹுதுப் போருக்குப் புறப்பட்ட படையிலிருந்து சுமார் 300 பேரைக் கூட்டிக்கொண்டு பாதி வழியில் திரும்பியவரும் இவரே. அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் எழுந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் ஆடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள் என்று நபி வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார்.

பனூ முஸ்தலிக் படையெடுப்பின்போது நடந்தது இதைவிடக் கூர்மையானது. வெளியூரிலிருந்து வந்த முஹாஜிர்களை மதீனாவிலிருந்து துரத்த வேண்டும் என்ற பொருளில் இப்னு உபை பேசியதை ஸைத் இப்னு அர்கம் என்ற இளைஞர் கேட்டுவிட்டார். செய்தி நபிகளிடம் போனது. கூப்பிட்டுக் கேட்டபோது இப்னு உபை, தாம் அப்படிப் பேசவே இல்லை என்று சத்தியம் செய்தார். பெரிய மனிதரின் சத்தியத்தை எல்லோரும் நம்பினார்கள். ஸைத் பொய்யன் ஆக்கப்பட்டு, வெளியே தலைகாட்ட முடியாமல் வீட்டுக்குள் முடங்கினார். பிறகு இறங்கியதுதான் ‘அல்முனாஃபிகூன்’ என்ற குர்ஆனின் 63ஆம் அத்தியாயம். தோற்றத்தால் கவர்கிறவர்கள், பேசினால் காதுகொடுக்க வைக்கிறவர்கள், ஆனால் சுவரில் சாத்திவைத்த மரக்கட்டைகள் போன்றவர்கள் என்று அது அவர்களை வர்ணிக்கிறது. கூரையைத் தாங்க வேண்டிய மரம் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கும் காட்சி அது. வீடு கட்டும் இடத்தைப் பார்த்த எவருக்கும் அது விளங்கும்.

இந்த இடத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. மதீனாவிலேயே நயவஞ்சகத்தில் ஊறியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நீர் அறியமாட்டீர் என்று குர்ஆன் (9:101) நபிகளிடமே சொல்கிறது. பின்னர் சிலரின் பெயர்கள் நபிகளுக்குத் தெரிவிக்கப்பட்டன என்றும், அவற்றை ஹுதைஃபா (ரலி) என்ற தோழரிடம் மட்டும் இரகசியமாகச் சொல்லிவைத்தார் என்றும் மரபு கூறும். பட்டியல் ஒருபோதும் வெளியே வாசிக்கப்படவில்லை. பிற்காலத்தில் அந்த ஹுதைஃபாவிடம் போய், என் பெயரும் அதில் உண்டா என்று கேட்டவர் உமர். ஹன்ளலா என்ற தோழர், நபிகளின் சபையில் இருக்கும் மனநிலை வீட்டுக்குப் போனதும் மாறிவிடுகிறதே, நான் முனாஃபிக் ஆகிவிட்டேன் என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனார். நபித்தோழர்கள் 30 பேரைச் சந்தித்ததாகவும், ஒவ்வொருவரும் தம்மைப் பற்றியே இந்தப் பயத்தில் இருந்ததாகவும் இப்னு அபீ முலைக்கா சொன்னதை புகாரி பதிவுசெய்கிறார். முதல் தலைமுறையில் இந்தச் சொல்லை எடுத்தவர்கள் பெரும்பாலும் தங்கள் மேல்தான் அதைத் தடவிப் பார்த்தார்கள்.

தலைவர் ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்தார்கள் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. பஸ்ராவிலிருந்து அஹ்னஃப் இப்னு கைஸ் என்ற தமீம் குலத் தலைவர் வந்தார், பேச்சில் கெட்டிக்காரர். உமர் அவரைத் திருப்பி அனுப்பாமல் ஒரு வருடம் மதீனாவிலேயே நிறுத்திவைத்தார். அவமதிக்கவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை. கண்ணெதிரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வருடம் முடிந்ததும் காரணத்தைச் சொன்னார்: நாவன்மை மிக்க நயவஞ்சகனைப் பற்றி எச்சரிக்கப்பட்டிருக்கிறோம், நீரும் அப்படி இருப்பீரோ என்று அஞ்சினேன், உம்மிடம் நல்லதையே கண்டேன், ஊருக்குப் போகலாம். பேச்சைக் கேட்டு ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு எழுதும் நமக்கு அந்த ஒரு வருடம் கொஞ்சம் நீளமாகத்தான் தெரியும்.

திருப்பம் அதே பஸ்ராவில் நிகழ்ந்தது. பெரும்பாவம் செய்தவனை என்னவென்று அழைப்பது என்ற விவாதம் அங்கே சூடுபிடித்திருந்தது. காரிஜிய்யா என்ற பிரிவினரில் பலர் அவன் காஃபிர், அதாவது இறைமறுப்பாளன், என்றார்கள். அவ்வூர் அறிஞர் ஹஸன் அல்பஸ்ரி (642–728) அவனை முனாஃபிக் என்றதாகச் சொல்வார்கள். வாஸில் இப்னு அதா (இறப்பு 748) விசுவாசிக்கும் காஃபிருக்கும் நடுவில் ஒரு நிலையை வைத்து வேறு கல்வி வட்டம் கூட்டினார். தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வியாக இருந்த சொல் இப்படி இன்னொருவனை அடைக்கும் வகைப்பாடாக மாறத் தொடங்கியது. இதில் ஹஸனைக் குறை சொல்வது சரியாகாது. விசுவாசியே நயவஞ்சகத்துக்கு அஞ்சுவான், நயவஞ்சகனே அதிலிருந்து பத்திரமாக இருப்பதாக நினைப்பான் என்ற கருத்தும் அவருடையதே. செயலில் உள்ள நயவஞ்சகம் வேறு, இறைநம்பிக்கையை மறுக்கும் நயவஞ்சகம் வேறு என்று அவர் பிரித்ததாகத் திர்மிதி (இறப்பு 892) பதிவுசெய்திருக்கிறார். ஆனால் ஒரு சொல் சந்தைக்கு வந்துவிட்டால் அறிஞர் போட்ட வேலிக்குள் நிற்காது.

வாஸிலைப் பற்றி ஒரு கிளைச் செய்தி. அவருக்கு அரபு ‘ர’ எழுத்து நாவில் வராது. அதனால் அந்த எழுத்து வரும் சொற்களையெல்லாம் தவிர்த்து, நீண்ட உரைகளைத் தங்குதடையின்றி நிகழ்த்தினார். அதை வியந்து எழுதியவர் அரபு எழுத்தாளர் ஜாஹிள். குறையை மறைக்கும் அளவுக்குப் பேச்சை வளைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். இதை அவர் நேர்மைக்கு எதிரான சாட்சியாகக் கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அடுத்த நூற்றாண்டுகளில் எச்சரிக்கையை மறுபடி உள்ளே திருப்பியவர் கஸ்ஸாலி. 1091இல் பக்தாத் நிஸாமிய்யாவில் பேராசிரியர். முன்னால் சுமார் 300 மாணவர்கள். கற்பிப்பதன் நோக்கம் இறைவனா, புகழா என்று தம்மைக் கேட்டுக்கொண்டபோது கிடைத்த பதில் அவருக்கே பிடிக்கவில்லை. ஆறு மாதம் போகலாமா வேண்டாமா என்று தவித்தார். 1095இல் ஒருநாள் வகுப்பில் நாக்கு எழவில்லை. மாணவர்களுக்காகவாவது ஒரு பாடம் நடத்த முயன்றார். ஒரு சொல்லும் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, மருத்துவர்கள் கைவிட்டார்கள். இதையெல்லாம் அவரே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பக்தாதை விட்டு வெளியேறிய பின் எழுதிய ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் முதல் பகுதியான கல்வி நூலிலேயே கெட்ட அறிஞர்களின் அடையாளங்கள் விரிவாக வருகின்றன. படிக்கிறவர் அதைப் பிறர் மீதான தாக்குதலாக எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் எழுதியவர் பார்த்து எழுதிய முதல் முகம் தம் முகமே.

தமிழகத்துக்கு இந்த எச்சரிக்கை இரண்டு தடத்தில் வந்தது. ஒன்று சூஃபிப் பாடகர்களின் தடம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து சென்னை இராயபுரத்தில் தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு முதலானோர், சித்தர் வழக்கையொட்டித் தம் மனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பாடினார்கள். மற்றொன்று மதரஸாத் தடம். அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (1831–1919) வேலூரில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்திலிருந்து வெளியேறிய ‘பாகவி’கள் ஊர் ஊராகப் போய்த் தமிழில் பயான் என்ற சமய உரை செய்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரை அரபியில், அதற்கு முன்னே தமிழில் பயான். மிம்பர் அரபிக்கு, நாற்காலி தமிழுக்கு என்று ஏறக்குறைய ஒரு பாகப்பிரிவினையே நடந்திருந்தது.

அதை உடைக்க வேண்டும், குத்பாவே தமிழில் வேண்டும் என்று எழுதிய ஒருவர் பா. தாவூத்ஷா (1885–1969). அரசு வேலையை விட்டவர், இங்கிலாந்தின் வோக்கிங் பள்ளிவாசல் வரை போய்த் திரும்பியவர், ‘தாருல் இஸ்லாம்’ இதழை நடத்தியவர். மக்களுக்குப் புரியாத மொழியில் ஓதிவிட்டு, புரிந்த மொழியில் கதை சொல்லும் மௌலவிகளை அவர் விடவில்லை. எதிர்த்த உலமாக்கள் அவருடைய ஈமானையே கேள்வி கேட்டார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் தமிழ் அச்சில் ‘நயவஞ்சகம்’ எதிராளியின் முதுகில் ஒட்டும் சீட்டானதில் அந்தக் காலத்துச் சண்டைகளுக்குப் பங்கு உண்டு. பிறகு ஒலிபெருக்கி வந்தது. மீலாது மேடைகளில் திராவிட இயக்கத்தின் அடுக்குமொழியும் ஏறியது. அடுத்து ஒலிநாடா, குறுந்தகடு, இன்று கைப்பேசி. கருவி மாறும்போதெல்லாம் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே தூரம் கூடியது. அஹ்னஃபை ஒரு வருடம் பார்த்ததுபோல் இன்று யாரைப் பார்ப்பது? திரையில் தெரியும் ஹஜ்ரத் வாடகை பாக்கி வைத்திருக்கிறாரா, வீட்டில் எப்படிப் பேசுகிறார் என்பது பள்ளிவாசலைச் சுற்றி வாழும் மஹல்லாவுக்குத் தெரியாது.

தென்சென்னைப் புறநகரில் அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்ட தலைவர் ஒருவர் இருந்தார். காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் (1896–1972) திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்து குரோம்பேட்டையில் வாழ்ந்தவர். 1948இல் இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் முதல் தலைவர். அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழித் தகுதி தமிழுக்கு உண்டென்று வாதாடியவர். மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்குப் போனவர். இவ்வளவு பேசியவரை நினைவுகூர்கிறவர்கள் அவர் பேச்சை முதலில் சொல்வதில்லை. அவருடைய குரோம்பேட்டை வீட்டின் எளிமையைத்தான் சொல்கிறார்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலை ஒட்டி, ஜி.எஸ்.டி. சாலையோரப் பள்ளிவாசல் ஒன்றில் நான் சில வெள்ளிக்கிழமைகள் தொழுதிருக்கிறேன். மறைமலை நகர்த் தொழிற்சாலைகளிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு வருகிறவர்கள் கடைசி வரிசையில் உட்காருவார்கள். பாதிப் பேர் கண் கடிகாரத்தில் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பயான், குர்ஆனின் 61ஆம் அத்தியாயத்தின் தொடக்கம் பற்றியது: செய்யாததை ஏன் சொல்கிறீர்கள் என்ற கேள்வி. ஹஜ்ரத் நன்றாகப் பேசினார். பேச்சில் அரசியல்வாதிகள் வந்தார்கள், பிற ஜமாஅத்தார் வந்தார்கள், வட்டிக்காரர்கள் வந்தார்கள், தலைகள் ஆடின. பிறகு பாங்கு சொல்லப்பட்டது. ஹஜ்ரத் கைத்தடியை ஊன்றி மிம்பரில் ஏறி அரபுக் குத்பாவைத் தொடங்கினார். இறையச்சத்தை உங்களுக்கும் எனக்கும் உபதேசிக்கிறேன் என்று கத்தீபுமார் வழக்கமாகச் சொல்லும் வாசகம் அதில் வந்தது. தமிழ்ப் பயானில் வராத ‘எனக்கும்’ அரபியில் ஒரே மூச்சில் வந்து போனது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த யாரும் தலையாட்டவில்லை.