குதிரையேறிய மீனவர்

சிட்னி ஹைட் பார்க்கின் கீழே ரயிலிலிருந்து இறங்கினால் செயின்ட் ஜேம்ஸ் நிலையம். 1926இல் திறந்த அந்நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது மேலே கிங் தெருவில் நிற்கும் தேவாலயம். போலிப் பத்திரம் தயாரித்ததற்காக நாடு கடத்தப்பட்ட கைதி பிரான்சிஸ் கிரீன்வே வரைந்தது. நீதிமன்றமாகத் தொடங்கி, நடுவில் மனம் மாறி ஆலயமாக்கி, 1824இல் அர்ச்சித்தார்கள். மெல்பேர்னிலும் ஒரு செயின்ட் ஜேம்ஸ் உண்டு. 1839இல் அடிக்கல் இட்ட பழைய பேராலயம் அது. 1914 வாக்கில் அதைப் பிரித்தெடுத்து வேறு தெருவில் மறுபடி கட்டினார்கள்.

இந்த ஜேம்ஸ் வேறு யாருமில்லை, நம் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர்.

எபிரேய யாக்கோவ் லத்தீனில் யாக்கோபுஸ் ஆனார். மக்கள் பேச்சில் பகரம் மகரமாகி யாகோமுஸ்; அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஜேம்ஸ். ஸ்பெயின் பக்கம் பெயர் தேய்ந்து யாகோ என்றாகி, முன்னால் 'புனித' என்ற பொருளுள்ள 'சாந்த்' ஒட்டிச் சாந்தியாகோ. போர்த்துக்கீசரோடு கரையேறிய அந்த முழுச்சொல்லை நம்மவர்கள் வெறும் பெயராக எடுத்துக்கொண்டு 'அப்பர்' சேர்த்தார்கள். ஆகவே விழாச் சுவரொட்டியில் 'புனித சந்தியாகப்பர்' என்று அச்சிடும்போது அவர் இருமுறை புனிதர். யாழ்ப்பாணத்தார் இன்னும் தாராளம். கிளாலியில் உள்ள அவர் ஆலயத்தையொட்டிப் பேதுருப் புலவர் 17ஆம் நூற்றாண்டில் பாடிய நூலின் பெயர் சந்தியோகுமையோர் அம்மானை. 'மையோர்' என்றால் பெரியவர். இயேசுவின் சீடர் பன்னிருவரில் இன்னொரு யாக்கோபும் இருந்தாரே!

விவிலியத்தில் இவருக்குக் குதிரை கிடையாது. செபெதேயுவின் மகன், கலிலேயாக் கடலில் வலை வீசியவர், ஏரோது அரசனின் வாளுக்கு இரையானவர். குதிரை ஸ்பெயினில் முளைத்தது. 844இல் கிளாவிகோவில் வெள்ளைக்குதிரை மீது தோன்றி, மூர்கள் எனப்பட்ட இஸ்லாமியரை வெட்டி வீழ்த்தினார் என்பது கதை. அப்படியொரு போரே நடக்கவில்லை என்பது வரலாற்றாசிரியர் முடிவு. ஓவியர்களுக்கு அது பொருட்டில்லை. 18ஆம் நூற்றாண்டிலும் இத்தாலியரான தியெப்போலோ அவரைப் பெரும் வெள்ளைக்குதிரை மேல் ஏற்றினார். படம் இன்று புடாபெஸ்டில். தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தவரும் குதிரைவீரர்தான். ஐயனாரின் குதிரைகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அவர் அந்நியராகத் தெரிந்திருக்க மாட்டார். 'மூர்களைக் கொன்றவர்' என்று ஸ்பெயின் பட்டம் சூட்டிய அவருக்குத் தங்கச்சிமடத்தில் ஜூலையில் நடக்கும் திருவிழாவில் இஸ்லாமியரும் இந்துக்களும் கலந்துகொள்கிறார்கள். வேடிக்கைதான், நல்ல வேடிக்கை.

ஐரோப்பிய ஓவியங்களில் அவருக்கு இன்னொரு வேடமும் உண்டு: கைத்தடி, அகலத் தொப்பி, அதில் குத்திய விசிறிச் சிப்பி. தம் கல்லறைக்கே யாத்திரை போகிறவர்போல! அந்தக் கல்லறை இருப்பதாக நம்பப்படும் ஸ்பெயினின் கொம்போஸ்தெலாவுக்குச் சென்றவர்கள் அடையாளமாகச் சூடிய சிப்பி அது. பிரெஞ்சுக்காரர்கள் அதை இன்றும் யாகப்பர் சிப்பி என்றே சமைக்கிறார்கள். உயிரியலாளர் லின்னேயஸ் 1758இல் அவ்வகைச் சிப்பி இனமொன்றின் அறிவியல் பெயரிலும் அவரைச் சேர்த்தார். ஆங்கிலத்தில் அது 'ஸ்காலப்'. சிட்னியில் மீன் வறுவல் கடையில் ஸ்காலப் கேட்பவர்கள் எச்சரிக்கையாகக் கேட்க வேண்டும். மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு வில்லைக்கும் அங்கே அதுதான் பெயர். மெல்பேர்னில் அதைப் 'பொட்டேட்டோ கேக்' என்பதால் அங்கே குழப்பமில்லை.